போக்கிமான் பிடிக்கும், பொம்மை அட்டைச் சரக்கு வேண்டாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்கிமானோடு வளர்ந்தவன் என்று தெரிந்தால் போதும், ஆளாளுக்குச் சந்தேகம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பரணில் பழைய அட்டைகள் வைத்திருப்பவர், பையனின் பிடிவாதத்தைச் சமாளிக்க முடியாத அப்பா, முப்பது வயதில் பிகாச்சு பொம்மையை என்ன செய்வதென்று தெரியாதவர் என்று யார் கேட்டாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

போக்கிமான்னா அந்த மஞ்சள் எலி வர்ற கார்ட்டூன்தானே?

நம் ஊரில் பலருக்கு அப்படித்தான் அறிமுகம். 2003ல் இந்தியாவின் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. ஆனால் கார்ட்டூனுக்கு முன்பே விளையாட்டு இருந்தது. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக சிவப்பு, பச்சை என்று இரண்டு கேசட்டுகள் வெளியாயின. கற்பனைப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் விளையாட்டு. டிவி தொடர் அதற்கு ஓராண்டுக்குப் பிறகு, 1997 ஏப்ரலில்தான் தொடங்கியது.

உருவாக்கியவர் சதோஷி தஜிரி. டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். சிறுவயதில் வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் பூச்சி பிடித்துத் திரிந்த பையன். ஊர் வளர வளர அந்த இடங்கள் எல்லாம் கட்டடங்களாகிவிட்டன. பூச்சி பிடிக்கிற அந்தச் சந்தோஷத்தை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவாவது கொடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது, அதன் வழியாக ஒரு பூச்சி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தாராம். அந்தக் கேபிளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களில் வரும்.

ஒரே கேமை எதுக்கு ரெண்டு கலர்ல வித்தாங்க? காசு பண்ணத்தானே?

காசும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குள் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. சில பிராணிகள் ஒரு கேசட்டில் மட்டும்தான் கிடைக்கும். அமெரிக்காவில் சிவப்பு, நீலம் என்று வந்தன. அந்தச் சிவப்பு கேசட்டில் ஈகன்ஸ் என்ற பாம்பு இருக்கும், நீலத்தில் இருக்காது. நீலத்தில் இருக்கும் சாண்ட்ஷ்ரூ சிவப்பில் கிடையாது. இதற்கு மேல் கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹாண்டர் என்று நான்கு பிராணிகள். எத்தனை நேரம் தனியாக உட்கார்ந்து ஆடினாலும் இவை அடுத்த வடிவத்துக்கு மாறாது. கேபிள் வழியாக இன்னொருவருக்குக் கொடுத்தால், அந்தக் கணமே மாறிவிடும்.

அதாவது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமென்றால் உங்களுக்கு இன்னொரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனோ, சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் வகுப்புத் தோழனோ, யாராக இருந்தாலும் போய்க் கேட்டே ஆக வேண்டும். இரண்டு பதிப்பு யோசனையைத் தந்தவர் மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் போக்கிமான் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதன் மேல் வந்து ஒட்டிக்கொண்டவை.

பொம்மை, அட்டை, பை, டிபன் பாக்ஸ்னு எல்லாம் எப்போ வந்துச்சு?

ரொம்ப சீக்கிரம். கேம் வந்த அதே 1996ன் அக்டோபரில் ஜப்பானில் அட்டை விளையாட்டு வந்துவிட்டது. 1998ல் டோக்கியோவில் போக்கிமானுக்கென்றே ஒரு கடை திறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவுக்கு கேம் போனது, 1999 ஜனவரியில் அட்டைகள். அதற்கப்புறம் அந்த ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் அட்டைகளுக்குத் தடை போடும் அளவுக்குப் பித்துப் பிடித்தது.

அந்தப் பித்து எங்கே போய் நின்றது என்பதற்கு ஓர் உதாரணம். 1999 கடைசியில் பர்கர் கிங் நிறுவனம் குழந்தைகள் சாப்பாட்டோடு இரண்டாகத் திறக்கும் பிளாஸ்டிக் போக்கி பந்து (கேமில் பிராணிகளைப் பிடிப்பது அதில்தான்) ஒன்றைக் கொடுத்தது. அதன் ஒரு பாதி மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டதில் கலிஃபோர்னியாவில் 13 மாதக் குழந்தை ஒன்று மூச்சுத் திணறி இறந்தது. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பந்துகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பந்தைத் திருப்பிக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு சின்னப் பொட்டலம் பிரெஞ்ச் ஃப்ரைஸ்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "கிடைக்காத பொருள்" என்ற ஆசையை வெளியாட்கள் யாரும் கொண்டுவரவில்லை, அது முதல் ஆண்டிலேயே உள்ளே இருந்தது. ஷிகேகி மொரிமோட்டோ என்ற நிரலாளர் கடைசி நேரத்தில் மியூ என்ற 151ஆவது பிராணியைக் கேசட்டுக்குள் ஒளித்து வைத்தார். கொரோகொரோ என்ற சிறுவர் இதழ் 20 பேருக்கு மட்டும் மியூவைத் தருவதாக 1996ல் அறிவித்தது. வந்து குவிந்த விண்ணப்பங்கள் 78,000.

இப்போ மொத்தம் எத்தனை இருக்கு? எல்லாத்தையும் பிடிச்சவங்க உண்டா?

1996ல் 151. 1999ன் அடுத்த கேமில் 251. இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2022ல் வந்த ஸ்கார்லெட், வயலட் கேம்களும் அவற்றின் கூடுதல் பகுதிகளும் சேர்ந்தபோது 1,025. பல ஆண்டுகள் பழைய கேம்களிலிருந்து புதியவற்றுக்கு மாற்றி மாற்றிக் கொண்டுவந்து முழுப் பட்டியலையும் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் 2019ல் வந்த ஸ்வோர்ட், ஷீல்ட் கேம்களிலிருந்து நிலைமை வேறு. எல்லாப் பிராணிகளும் எல்லா கேமிலும் வராது என்று நிறுவனமே சொல்லிவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. "எல்லாம்" என்ற கணக்கை அவர்களே கைவிட்டபின் நாம் மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

பரண்ல பழைய அட்டை ஒரு டப்பா நிறைய இருக்கு. நான் கோடீஸ்வரனா?

பெரும்பாலும் இல்லை. செய்தியில் வரும் விலைகள் வேறு உலகம். லோகன் பால் என்ற யூடியூபர் 2021ல் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கிய பிகாச்சு அட்டை கடையில் விற்றதே இல்லை. மேலே சொன்ன கொரோகொரோ இதழின் ஓவியப் போட்டிகளில் 1997, 98ல் வென்றவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது, மொத்தம் 39 தான். உங்கள் டப்பாவில் அது இருக்க வாய்ப்பில்லை.

இருந்தாலும் பார்த்துவிடுங்கள். முதலில் எண்: கீழே வலது மூலையில் 4/102 என்பதுபோல இருக்கும். கீழே 102 இருந்து, படத்துக்குக் கீழே வலப்பக்கத்தில் தொகுப்புச் சின்னம் எதுவும் இல்லாவிட்டால் அது 1999ன் முதல் ஆங்கிலத் தொகுப்பு. அடுத்து படச் சட்டத்தின் வலது ஓரத்தைக் கவனியுங்கள். சட்டத்துக்கு வெளியே மெல்லிய நிழல் விழுந்திருந்தால் பின்னால் ஏராளமாக அச்சடித்த பதிப்பு, நிழல் இல்லாவிட்டால் முந்தையது. படத்தின் கீழ் இடப்பக்கம் சின்னதாக முதல் பதிப்பு முத்திரை இருந்தால் இன்னும் முந்தையது. கடைசியாக, அட்டையைப் புரட்டிப் போட்டு ஓரங்களைப் பாருங்கள். நீல ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தேய்ந்திருந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தவர்களுக்கு என் அனுதாபங்கள்.

என்கிட்ட மச்சாம்ப் அட்டை இருக்கு. பளபளன்னு, முதல் பதிப்பு முத்திரையோட! இப்ப சொல்லுங்க?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. மச்சாம்ப் பாக்கெட்டில் வந்ததில்லை. இருவர் ஆடும் அறிமுகப் பெட்டியில்தான் வந்தது. அந்தப் பெட்டியை எத்தனை முறை அச்சடித்தாலும் மச்சாம்பின் முத்திரையை மட்டும் எடுக்காமலே விட்டுவிட்டார்கள். அதனால் ஊரெல்லாம் முதல் பதிப்பு மச்சாம்ப்தான். நான்கு கையோடு நிற்கும் அந்தப் பயில்வானை மேசையில் வைத்து ரசியுங்கள்.

போலி அட்டையா நிஜமான்னு எப்படிப் பார்க்கறது?

இருட்டில் ஃபோன் டார்ச்சை அட்டைக்குப் பின்னால் பிடியுங்கள். அசல் அட்டையின் நடுவில் ஒரு கருத்த அடுக்கு இருப்பதால் வெளிச்சம் அதிகம் ஊடுருவாது. மலிவுப் போலிகளில் பளிச்சென்று தெரியும். பின்பக்க நீலம் வெளிறியோ ஊதா கலந்தோ இருந்தாலும், எழுத்து பருமனாக இருந்தாலும் சந்தேகப்படலாம். இந்திய வண்டிக்கடைகளில் தங்க நிறத்தில் கட்டுக்கட்டாகத் தொங்குபவை எல்லாம் போலிதான். குழந்தை விளையாடத்தானே, தொங்கிவிட்டுப் போகட்டும். தரம் பார்க்கும் நிறுவனங்கள் போட்டு மூடும் பிளாஸ்டிக் உறையையே போலியாகச் செய்கிறார்கள் என்பதால், பெரிய தொகை என்றால் டார்ச்சை நம்பி வாங்காதீர்கள்.

பழைய கேம் பாய் கேசட் கிடைச்சுது. என் சேவ் உள்ளே அப்படியே இருக்குமா?

சிவப்பு, நீலம், மஞ்சள், தங்கம், வெள்ளி கேசட்டுகளுக்குள் நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கிறது. நீங்கள் சேமித்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பது அதுதான். தங்கம், வெள்ளி கேசட்டுகளில் இரவு பகல் காட்டும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அவை முன்னதாகவே காலியாகிவிடும். பலருடையது எப்போதோ போயிருக்கும்.

இன்னும் இருந்தால் அவசரப்பட்டு பேட்டரியை மாற்றாதீர்கள். அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், எடுத்த நொடியே சேவ் அழிந்துவிடும். கேசட்டிலிருந்து கணினிக்குப் பிரதி எடுக்கும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. முதலில் பிரதி, அப்புறம் சால்டரிங். பத்து வயதில் உங்கள் பிராணிகளுக்கு நீங்கள் வைத்த அசட்டுப் பெயர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அட்டைகளில் அது கிடையாது.

நாப்பது வயசு ஆளுங்க எல்லாம் ஏன் இதுக்கு அடிச்சுக்கறாங்க?

கொரோனா காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் பழைய ஞாபகங்களைத் தேடினார்கள், யூடியூபில் பெட்டி பிரிக்கும் வீடியோக்கள் ஓடின, விலை ஏறியது, பணம் பண்ண வந்தவர்கள் உள்ளே புகுந்தார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடை வாசலில் விளையாட்டு வீரர் அட்டைகளுக்காகக் கைகலப்பு நடந்து, தாக்கப்பட்டவர் துப்பாக்கியை எடுத்தார். அதன்பின் டார்கெட் தன் கடைகளில் அந்த அட்டைகளோடு போக்கிமான் அட்டைகள் விற்பதையும் சில காலம் நிறுத்தி வைத்தது.

2023ல் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் போக்கிமானோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தது. குழந்தைகள் கேள்வித்தாளோடு ஓவியங்களைச் சுற்றிப் பார்த்து முடித்தால் சாம்பல் தொப்பி போட்ட பிகாச்சு அட்டை ஒன்று பரிசு. வான்கோவின் தன்னுருவப் படம் ஒன்றைப் பார்த்து வரைந்தது. அழகான யோசனை. நடந்தது என்ன? பிளாக்கில் விற்பவர்கள் பரிசுக் கடையில் முண்டியடித்தார்கள். சில வாரங்களில், பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி அருங்காட்சியகம் அட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டது.

2025 ஆகஸ்டில் ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் மூன்று நாள் திட்டமாகக் குழந்தைகள் சாப்பாட்டோடு பிகாச்சு அட்டை கொடுத்தது. பல கடைகளில் முதல் நாளே தீர்ந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு தொடாத பர்கரையும் உருளைக்கிழங்கையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. குழந்தைக்கான சாப்பாடு குப்பையில், குழந்தைக்கான அட்டை இணையத்தில் ஏலத்தில். பூச்சி பிடித்த மச்சிடாப் பையனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவே இல்லை.

அப்போ இதுவும் ஒரு சூதாட்டம்தானா?

1999லேயே அமெரிக்காவில் சில பெற்றோர்கள் இதைச் சொல்லித்தான் நின்டெண்டோ மீது வழக்குப் போட்டார்கள். கணக்கைப் பாருங்கள். அன்றைய பாக்கெட்டில் 11 அட்டைகள், எவை என்று பிரிக்கும்வரை தெரியாது, அதில் ஒன்று அரியது. தோராயமாக மூன்று பாக்கெட்டில் ஒன்றில்தான் அந்த அரிய அட்டை பளபளக்கும். முதல் தொகுப்பில் பளபளப்பவை 16, மேலே சொன்ன காரணத்தால் மச்சாம்பைக் கழித்தால் 15. ஆக சாரிசார்ட் என்ற நெருப்புப் பிராணியின் அட்டைதான் வேண்டுமென்று பாக்கெட் பிரித்தால் சராசரியாக 45 பாக்கெட் பிரிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறதோ, அது ஒரு புறம். பாக்கெட்டைக் கிழிக்கும்போது நெஞ்சில் வரும் படபடப்பு எந்த வகை என்று கிழித்தவர்களுக்குத் தெரியும். பெரியவர் தன் காசில் செய்தால் அது அவர் பாடு. எட்டு வயதுக் குழந்தையின் பிறந்தநாள் பணம் என்றால் நான் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். 45 என்ற எண் குழந்தைகளுக்கு நன்றாகவே புரிகிறது.

எனக்கு போக்கிமான் பிடிக்கும். ஆனா பொம்மை, டீ-ஷர்ட், அட்டை எதுவும் வாங்கத் தோணலை. நான் ரசிகன் லிஸ்ட்ல இருக்கேனா இல்லையா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வியே இதுதான். அலமாரி நிறைய வைத்திருப்பவன்தான் ரசிகன் என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. உங்களுக்குச் சிறுவயதில் பிடித்தது எது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குகையில் விளக்கில்லாமல் வழி தேடியது, முதல் பிராணியாக நெருப்பா நீரா புல்லா என்று அரைமணி நேரம் முழித்தது, நண்பனிடம் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியது. இதில் எதுவும் கடையில் விற்காது.

இரண்டாம் கேள்விக்கான பதிலை மறுபடி பாருங்கள். கேமை முடிக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. சரக்குச் சேர்ப்புக்கு யாரும் தேவையில்லை, பர்ஸ் போதும். உறை பிரிக்காத பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவருக்கு எதிரில் ஆளே வேண்டாம். வந்தால் "தொடாதே" என்று சொல்ல வேண்டியிருக்கும். இதிலிருந்து விலகுகிறவர் போக்கிமானிலிருந்து விலகுவதாக நான் நினைக்கவில்லை. ஒரு பொம்மை பிடித்து வாங்கி, குழந்தை அதைக் கட்டிக்கொண்டு தூங்கி, காது பிய்ந்து போனால் அதில் தப்பே இல்லை. பொம்மை அதற்குத்தான்.

சரி, வீட்ல இருக்கறதை எல்லாம் என்ன பண்றது? வித்துடவா?

முதலில் சும்மா ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். பார்த்ததும் ஒரு கதை ஞாபகம் வருபவை ஒரு பக்கம், "இது எப்போ வாங்கினேன்?" என்று தோன்றுபவை இன்னொரு பக்கம். முதல் குவியல் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதில் விலை போகக்கூடியவற்றை மேலே சொன்ன அடையாளங்களை வைத்துப் பிரித்து விற்கலாம். தரம் பார்க்க அனுப்பும் செலவு சாதாரண அட்டையின் விலையைவிட அதிகம் என்பதால் எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். மீதி சாதா அட்டைகளை அட்டை விளையாட்டு ஆடுகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு ஆட்டக் கட்டுக்கு 60 அட்டைகள் வேண்டும், எனர்ஜி அட்டைகள் எப்போதும் பற்றாக்குறைதான். ஒரு பொடியனுக்கு அது பெரிய புதையல். விலை ஏறும் என்று பத்து வருஷம் டப்பாவைக் காக்க வேண்டாம், அட்டைகள் ஈரத்தில் வளைந்துவிடும்.

பையன் அட்டை கேட்டு உயிரை வாங்கறான். வாங்கிக் குடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் பாக்கெட்டாக வாங்காமல், பிரித்ததும் ஆடக்கூடிய தயார் கட்டுகள் இரண்டு வாங்குங்கள். ஒன்று அவனுக்கு, ஒன்று உங்களுக்கு. விதிகளை உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆறு பரிசு அட்டைகள், எதிராளியின் பிராணியை வீழ்த்தும்போதெல்லாம் குறைந்தது ஒன்று எடுக்கலாம், முதலில் ஆறையும் எடுப்பவர் வெற்றி. ஒரு வாரத்தில் அவன் உங்களை ஜெயித்துவிடுவான். ஏதாவது ஒரு அட்டைதான் வேண்டுமென்று அடம் பிடித்தால் அந்த ஒற்றை அட்டையையே விலை கொடுத்து வாங்குவது மலிவு. 45ஆம் எண்ணை ஞாபகப்படுத்துங்கள்.

2024 அக்டோபரில் வந்த போக்கிமான் டிசிஜி பாக்கெட் என்ற ஃபோன் செயலியில் 12 மணி நேரத்துக்கு ஒரு பாக்கெட் இலவசம். காத்திருக்க முடியாதவர்களுக்குத்தான் அங்கே செலவு. ஃபோனில் பணம் செலுத்துவதற்குக் கடவுச்சொல் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் விளையாடறதை விட்டுட்டாங்க. என் ஹாண்டர் ஜெங்காரா மாறணுமே, யார்கிட்ட மாத்திக்கறது?

2022ல் வந்த ஆர்சியஸ் கேமில் லிங்க்கிங் கார்ட் (இணைப்புக் கயிறு, அட்டை அல்ல) என்று ஒரு பொருள் உண்டு. அதைப் பயன்படுத்தினால் ஆளே இல்லாமல் ஹாண்டர் ஜெங்காராகிவிடும். தஜிரியின் கேபிளைப் பைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வசதிதான், எனக்கென்னவோ ஒப்பவில்லை.

ஸ்கார்லெட், வயலட்டில் இன்னும் பழைய முறைதான், பரிமாறியே ஆக வேண்டும். இணையம் வழியாக என்றால் நின்டெண்டோவின் சந்தா தேவை. இருவரும் ஒரே அறையில் ஸ்விட்ச் கருவிகளோடு இருந்தால் சந்தா வேண்டாம், இணையமும் வேண்டாம். இருவரும் ஒரே எண்ணைக் கடவுக் குறியீடாகப் போட்டால் இணைந்துவிடும். போக்கிமான் கோ என்ற ஃபோன் விளையாட்டை ஆடுபவர்கள் பலர் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 2018ல் அதில் பரிமாற்றம் வந்தபோது இருவரும் 100 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்றுதான் விதி வைத்தார்கள். அலுவலகத்தில் ஒரு முறை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள், ஒளித்து ஒளித்து ஆடுகிறவர் ஒருவராவது கை தூக்குவார். ஸ்கார்லெட், வயலட்டில் பரிமாறுவதானால், மாறியதும் ஜெங்காரைத் திருப்பித் தரச் சொல்லி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.